அட்டையில் எழுதிய எண்கள் எங்கே போகின்றன?

ஜூரோங் ஈஸ்ட் அவென்யூ 1இல் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்கு நீரிழிவு மாத்திரை வாங்கப் போகும் ஒருவர், மருத்துவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நாலைந்து எண்களைக் கொடுத்துவிடுகிறார். எடை ஓர் எண். ரத்த அழுத்தம் இரண்டு எண்கள். ரத்தப் பரிசோதனையில் இன்னும் சில. "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று தாதி கேட்பதற்குச் சொல்லும் பதிலும் கணினியில் ஏறிவிடுகிறது. மருத்துவர் பேசுவது சில நிமிடங்கள்தான். வீடு திரும்பும்போது மருந்துப் பை கையில் இருக்கும். எண்கள் அங்கேயே தங்கிவிடும்.

அந்த எண்கள் எங்கே போகின்றன? யார் பார்க்கிறார்கள்? கொடுத்தவருக்கு அதனால் என்ன பயன்? இந்தக் கேள்விகளைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. டாக்டருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அதுவும் சிங்கப்பூர்த் தமிழர்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே கேட்க வேண்டும். ஏன் என்பதை இந்த எண்களின் வரலாறே சொல்லும்.

ஒரு கிராமத்து மருத்துவரின் நோட்டுப் புத்தகம்

கதை சிங்கப்பூரில் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் மலைப்பகுதியில் வில்லியம் பிக்கல்ஸ் என்ற பொது மருத்துவர் இருந்தார். சுற்றிலும் சில கிராமங்கள், சில ஆயிரம் மக்கள். அம்மை யாருக்கு எப்போது வந்தது, காமாலை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதையெல்லாம் அவர் நாள்தோறும் குறித்து வைத்தார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் என்பதால், யார் எந்தத் திருவிழாவில் யாரைச் சந்தித்தார் என்பதுகூட அவருக்குத் தெரியும். 1929இல் அந்த வட்டாரத்தில் காமாலை பரவியபோது, நோய் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும் வரை எத்தனை நாள் ஆகிறது என்பதை அந்தக் குறிப்புகளை வைத்தே அவர் கணித்தார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. 1939இல் அவர் வெளியிட்ட நூல், சாதாரண மருத்துவரின் மேசையிலும் ஆராய்ச்சி நடக்கும் என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியது.

பிக்கல்ஸுக்கு ஒரு வசதி இருந்தது. அவருடைய நோயாளிகள் வேறு மருத்துவரிடம் போவதில்லை. சிங்கப்பூரில் நிலைமை நேர்மாறு. இங்கே ஒரே குடும்பம் சளிக்கு அடுக்குமாடியின் கீழ்த்தள மருந்தகத்துக்கும், சர்க்கரைக்குப் பலதுறை மருந்தகத்துக்கும், முதுகுவலிக்குத் தேக்கா பக்கத்தில் தெரிந்த ஒரு டாக்டரிடமும் போகும். மூன்று இடத்தில் மூன்று அட்டை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஜூரோங்கையே எடுத்துக்கொள்ளலாம். 1961இல் சதுப்பு நிலத்தையும் இறால் குட்டைகளையும் திருத்தித் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, கோ கெங் சுவீயின் அந்த முயற்சியை வீண் வேலை என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. ஆலைகள் வந்தன, பின்னால் குடியிருப்புகள் வந்தன. அந்தக் காலத்து அரசாங்க வெளிநோயாளி மருந்தகங்களில் பார்க்கப்பட்டது பெரும்பாலும் இருமல், காய்ச்சல், காயம். அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் முக்கியமான கணக்கு. யாருக்கு என்ன நோய், அது ஐந்து ஆண்டுகளில் என்ன ஆனது என்ற கணக்கு வேறு வகை. அதற்கு ஒரே ஆளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அடையாளம் காண வேண்டும். பின்னர் வெளிநோயாளி மருந்தகங்களும் தாய் சேய் நல நிலையங்களும் ஒரே கூரையின்கீழ் வந்து பலதுறை மருந்தகங்கள் ஆயின. பெயரில் மட்டும் பழைய மருந்தகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேராசிரியர் சண்முகரத்னம் திறந்த பதிவகம்

ஒரே ஆளைத் தொடர்ந்து அடையாளம் காணும் அந்த இரண்டாவது வகைக் கணக்கை இந்த நாட்டில் முதன்முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பேராசிரியர் கனகரத்னம் சண்முகரத்னம். 1921இல் பிறந்தவர், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், நோய்க்குறியியல் வல்லுநர். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. 1967இல் அவர் சிங்கப்பூர் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவினார். 1968 ஜனவரி முதல் நாட்டில் கண்டறியப்படும் ஒவ்வொரு புற்றுநோயையும் அது பதிவு செய்யத் தொடங்கியது. 2002 வரை அவரே அதன் இயக்குநர். 2018இல் தமது 97ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய மகன் தர்மன் சண்முகரத்னம் 2001 முதல் 2023 வரை ஜூரோங் குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து பிறகு அதிபரானார் என்பதை ஜூரோங்வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தந்தையின் பணியைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பணி எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கணினி என்பது அரிய பொருளாக இருந்த காலம். மருத்துவர்கள் அனுப்பும் அறிவிப்புப் படிவம் ஒரு வழி. திசுப் பரிசோதனை அறிக்கை இன்னொரு வழி. மருத்துவமனையிலிருந்து நோயாளி வீடு திரும்பும்போது எழுதப்படும் குறிப்பு மூன்றாவது. இறப்புச் சான்றிதழ் நான்காவது. ஒரே நோயாளியின் பெயர் நான்கு வழியிலும் வரும். முத்துசாமி ஓர் இடத்தில் முத்துச்சாமியாகவும் இன்னோர் இடத்தில் எம். சாமியாகவும் எழுதப்பட்டிருந்தால் ஒரு நோயாளி மூன்று பேர் ஆகிவிடுவார். அதைத் தடுக்க உதவியது அடையாள அட்டை எண். 1966இல் தொடங்கிய மறுபதிவில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் புதிய அட்டை பெற்றார்கள். ஆளுக்கு ஓர் எண். சிறிய நாடு, ஆளுக்கு ஓர் எண், மூன்று பெரிய இனங்கள். உலகத்தில் வெகு சில இடங்களுக்கே கிடைத்த வசதி இது. சிங்கப்பூரின் கணக்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தன் தொகுப்புகளில் ஏற்றுக்கொண்டதற்கு அதன் முழுமையே காரணம்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்த அறிவிப்பு சட்டக் கட்டாயம் இல்லாமல் நடந்தது. மருத்துவர்கள் விரும்பி அனுப்பினார்கள். தேசிய நோய்ப் பதிவகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2007இல்தான். அதுவரை அந்தப் பதிவகம் நின்றது இரண்டு கால்களில். அனுப்பும் மருத்துவருக்கு அந்தக் கணக்கு திரும்பக் கிடைத்தது, அறிக்கையாக வெளிவந்தது என்பது ஒன்று. நோயாளியின் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை மற்றொன்று.

அந்தக் கணக்கு என்ன சொன்னது? மூக்குக்குப் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் சீனர்களிடையே மிக அதிகம், இந்தியர்களிடையே மிகக் குறைவு என்றது. வாய்ப் புற்றுநோயில் இந்தியர்கள் முன்னால் நின்றார்கள். வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து மென்ற தலைமுறையின் கணக்கு அது. பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவதும் தெரிந்தது. 2002இல் பிரெஸ்ட்ஸ்கிரீன் சிங்கப்பூர் என்ற மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதற்கான இடமாகத் தேர்வு செய்யப்பட்டவற்றில் பலதுறை மருந்தகங்களும் அடக்கம். பெரிய மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் திரட்டிய எண்கள், அக்கம்பக்கத்து மருந்தகத்தில் ஒரு பரிசோதனையாகத் திரும்பி வந்தன. எண் கொடுத்த தலைமுறைக்கு இல்லாவிட்டாலும் அவர்களுடைய மகள்களுக்கு அது கிடைத்தது.

சர்க்கரைக் கணக்கு

புற்றுநோயை எண்ணுவது ஒரு வகையில் எளிது. அது எங்கோ ஓர் இடத்தில் கத்திக்கோ நுண்ணோக்கிக்கோ வந்தே தீரும். நீரிழிவு அப்படியா? பத்து ஆண்டுகள் சத்தம் போடாமல் இருக்கும். மருந்தகத்துக்கு வராதவரை மருந்தகக் கணக்கில் வராது.

அதனால்தான் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. 1975இல் நடந்த ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அது 5 விழுக்காட்டை நெருங்கியது. 1992ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 8.6 விழுக்காடு. இந்த மூன்றையும் அப்படியே வரிசையாக வைத்துப் பயப்படக்கூடாது. வயது வரம்பும், எதை நீரிழிவு என்று சொல்வது என்ற அளவுகோலும் இடையில் மாறின. ஆனால் போகும் திசையில் சந்தேகம் இல்லை.

இனவாரிக் கணக்கு இன்னும் உறுத்துவது. 2004இல் மொத்த மக்களில் 8.2 விழுக்காடு, இந்தியர்களில் 15.3. 2010இல் மொத்தம் 11.3, இந்தியர்களில் 17.2. ஆறில் ஒருவர்! அந்த 2010 ஆய்வில் நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு அதுவரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. தமிழ்ச் சமூகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அறுபது பேர் உட்கார்ந்தால் பத்துப் பேர் சர்க்கரைக்காரர்கள் என்றும், அதில் நான்கைந்து பேர் அதை அறியாமலே ஜாங்கிரியை எடுக்கிறார்கள் என்றும் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் நீரிழிவு காரணமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 உறுப்பு நீக்கங்கள் நடப்பதாகச் சுகாதார அமைச்சு சொல்லி வந்திருக்கிறது. விரல், பாதம், கால். அதாவது ஒரு நாளைக்கு நான்கு. இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம். தடுப்பதற்குப் புது மருந்து எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியை அனுப்ப வேண்டிய மருத்துவர், யாருடைய பாதத்தை இந்த ஆண்டு பார்த்தார், யாருடையதைப் பார்க்கவில்லை என்பதை எப்படி நினைவில் வைப்பார்? இங்கேதான் பதிவு வேலை செய்கிறது.

2006: மெடிசேவும் படிவமும்

2006 அக்டோபரில் சுகாதார அமைச்சு நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அமைச்சர் காவ் பூன் வான். அதுவரை மெடிசேவ் சேமிப்பு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பயன்படும். இனி நீரிழிவுக்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறவும் எடுக்கலாம் என்றார்கள். 2007இல் உயர் ரத்த அழுத்தமும் ரத்தக் கொழுப்பும் பக்கவாதமும் சேர்ந்தன. தொடக்கத்தில் ஒரு கணக்கிலிருந்து ஆண்டுக்கு 300 வெள்ளி வரை எடுக்கலாம். ஒவ்வொரு கட்டண ரசீதிலும் முதல் 30 வெள்ளியையும், மீதத்தில் 15 விழுக்காட்டையும் நோயாளி கையிலிருந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம் என்பதால் முதியவர்கள் பலருக்கு அது உதவியாக இருந்தது.

செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது பணம் பற்றிய செய்தி. திட்டத்தின் இன்னொரு பாதி அமைதியாக வந்தது. மெடிசேவ் கோரும் மருந்தகம், அந்த நோயாளிக்கு என்னென்ன பரிசோதனை செய்தது, முடிவு என்ன என்பதை அமைச்சுக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம், சிறுநீரகப் பரிசோதனை, கண் பரிசோதனை, பாதப் பரிசோதனை. தனியார் மருந்தகங்களுக்கு இது புது அனுபவம். அரசாங்கத்தின் தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமமும் சிங்ஹெல்த்தும் தங்கள் பலதுறை மருந்தகங்களைக் கணினியில் இணைத்து நோயாளிப் பதிவேடுகளை உருவாக்கும் வசதியோடு இருந்தன. ஜூரோங் பலதுறை மருந்தகம் அப்போது முதலாவது குழுமத்தில் இருந்தது. 2017இல் அறிவிக்கப்பட்ட சீரமைப்புக்குப் பிறகுதான் தேசியப் பல்கலைக்கழக பலதுறை மருந்தகங்களின் கீழ் வந்தது. ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு மருத்துவரும், மருந்து கட்டிக்கொடுத்துக் காசும் வாங்கும் ஓர் உதவியாளரும் நடத்தும் மருந்தகத்தில் தகர அலமாரி நிறைய அட்டைகள்தான் இருந்தன.

அந்த மருத்துவர்கள் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு. மாலை ஏழு மணிக்கு வெளியே பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, உள்ளே எண்களைத் தட்டிக்கொண்டிருப்பது யாருக்காக? ஆராய்ச்சிக்கா, தணிக்கைக்கா, நோயாளிக்கா? அந்த வேலைக்கு ஆகும் செலவை ஏற்பவர் யார்?

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு அப்போதே இருந்தது. பிரிட்டன் 2004இல் தன் பொது மருத்துவர்களுக்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. ரத்த அழுத்தத்தைப் பதிந்து கட்டுக்குள் வைத்தால் புள்ளி, புள்ளிக்குப் பணம். மொத்தம் 1,050 புள்ளிகள். ஆக, அங்கே எண் எழுதிய மருத்துவருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. இங்கே எண் எழுதினால்தான் நோயாளி தன் சேமிப்பை எடுக்கலாம். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. பிரிட்டனில் பதிவுகள் மளமளவென்று பெருகின. கூடவே ஒரு குறையும் பேசப்பட்டது. புள்ளி இருக்கும் நோயைக் கவனிக்கிறார்கள், புள்ளி இல்லாத துயரத்தைக் கவனிக்க நேரம் இல்லை என்றார்கள். ஸ்காட்லாந்து 2016இல் அந்த முறையையே கைவிட்டது. சிங்கப்பூர் மதிப்பெண் போட்டி நடத்தாதது ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் சின்ன மருந்தகத்தின் சுமையை அது குறைக்கவில்லை. அடிப்படை மருத்துவத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தனியார் மருத்துவர்கள் பார்த்தாலும், நாட்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பலதுறை மருந்தகங்களில் குவிந்ததாக 2010ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டியது. கட்டணமே முதல் காரணம். பதிவும் பரிசோதனையும் ஒரே இடத்தில் கிடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்ணுக்குள் எடுத்த படம்

எண்கள் ஆராய்ச்சியாக மாறியதற்கு நல்ல சான்று கண் பரிசோதனை. நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும். வலி இருக்காது, பார்வை மங்கும்போது காலம் கடந்திருக்கும். பலதுறை மருந்தகங்களில் நோயாளியின் விழித்திரையைப் படம் எடுக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. ஆனால் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். 2010இல் தொடங்கிய ஒருங்கிணைந்த விழித்திரைப் பரிசோதனைத் திட்டத்தில் படங்கள் கணினி வழியாக ஒரு மையத்துக்குப் போயின. அங்கே பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பார்த்து, ஒரு மணி நேர அளவில் முடிவைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்படிச் சேர்ந்த படங்களைக் கொண்டு சிங்கப்பூர் தேசியக் கண் நிலையமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் கணினிக்குப் பயிற்சி கொடுத்தன. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முடிவு வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஏறக்குறைய 5 லட்சம் விழித்திரைப் படங்கள், பல நாடுகள், பல இனங்கள். அதற்கும் முன்பே, 2007 முதல் 2009 வரை, சிங்கப்பூரின் தென்மேற்குப் பகுதியில் வசிக்கும் 40 வயதைத் தாண்டிய இந்தியர்கள் 3,400 பேரிடம் தனி ஒரு கண் ஆய்வு நடந்திருந்தது. அந்த 3,400 பேரில் பலர் தமிழ் பேசும் தாத்தாக்களும் பாட்டிகளும். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு, அரை நாள் செலவழித்தவர்கள். இந்தியர் கண் எப்படி இருக்கும் என்று உலக மருத்துவ நூல்களில் இன்று எழுதப்படுவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்காகவே அழைக்கப்பட்டவர் தெரிந்து கொடுத்தார். வழக்கமான பரிசோதனைக்குப் போனவரின் படம் ஆய்வுக்குப் போனால், பெயர் நீக்கப்பட்டு, ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியோடு போகிறது. அவருக்குத் தனியாகச் சொல்லப்படாமல் இருக்கலாம். 2015இல் வந்த மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் இதற்கெல்லாம் வரம்பு கட்டியது. சட்டம் சரி. ஆனாலும், மருந்தகச் சுவரில் தமிழில் நான்கு வரி எழுதி வைத்தால், தன் கண் இன்னொருவர் கண்ணைக் காப்பாற்ற உதவும் என்று தெரிந்துகொண்டு ஒரு பாட்டி பெருமைப்படுவார் அல்லவா!

நம்பிக்கைக்கு வந்த அடி

2018 ஜூலை 20. சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிக்குள் புகுந்தவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி ஆகியவற்றைத் திருடிவிட்டார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரமும் போயிற்று. அவர்களில் ஒருவர் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங். அந்தக் குழுமத்தின் சிறப்பு மருந்தகங்களுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் 2015 மே முதல் வந்து போனவர்களின் விவரங்கள் அவை. ஜூரோங் வேறு குழுமம் என்பதால் அங்கே மட்டுமே சென்றவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கவலை குழும எல்லை பார்த்து நிற்குமா? சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும், அதன் கணினி அமைப்பை நடத்திய நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த அடி 2019 ஜனவரியில் விழுந்தது. எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரம் இணையத்தில் கசிந்த செய்தி அது.

இரண்டாவதுதான் அதிகம் வலித்திருக்கும். ரத்த அழுத்தம் 140 என்று ஊருக்குத் தெரிந்தால் ஒன்றும் ஆகாது. சில நோய்கள் தெரிந்தால் வேலை போகும், உறவு போகும், வாடகை வீடு போகும். 2011 முதல் இயங்கிவந்த தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் தனியார் மருந்தகங்களும் கட்டாயம் சேர வேண்டும் என்று கொண்டுவரவிருந்த சட்டம் 2018இல் தள்ளிவைக்கப்பட்டது. பாதுகாப்பை முதலில் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். சரியான முடிவுதான். புற்றுநோய்ப் பதிவகம் நாற்பது ஆண்டுகள் எதன்மேல் நின்றதோ அந்த நம்பிக்கை இல்லாமல், சட்டத்தால் மட்டும் எண்களை வரவழைத்தால் உண்மையான எண்கள் வருமா? புகைபிடிப்பீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்!

பிறகு 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி வந்தது. ஒருவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்று தொடங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். பிக்கல்ஸின் கிராமத்துக்கு இருந்த வசதியை ஒரு பெருநகரத்தில் உண்டாக்கும் முயற்சி என்றே இதைச் சொல்லலாம். இம்முறை பதிவு செய்யும் மருந்தகத்துக்கு அரசாங்கமே ஆண்டுக் கட்டணம் கொடுக்கிறது. 2006இல் எழுந்த முணுமுணுப்புக்குக் கிடைத்த பதில் அது. தகவல்களை எல்லா மருந்தகங்களும் பகிர வேண்டும் என்ற மசோதாவும் 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்தப் பதிவேட்டை வேலைக்கு ஆள் எடுக்கவோ காப்புறுதிக்கு ஆள் மறுக்கவோ யாரும் திறந்து பார்க்கக்கூடாது என்பதே நோயாளிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்ன கணக்குகளில் பெரும்பாலும் வராத ஒரு கூட்டம் ஜூரோங்கிலேயே இருக்கிறது. தேசிய சுகாதார ஆய்வுகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியவை. மெடிசேவ் அவர்களுக்கே. தங்கும் விடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்கள், அவர்களில் பெரும்பகுதியினரான தமிழ்நாட்டு, பங்ளாதேஷ் இளைஞர்கள், இந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. காய்ச்சல் வந்தால் முதலாளி காட்டும் மருந்தகம், அல்லது ஒரு மாத்திரையோடு படுக்கை.

2020 ஏப்ரல் 5ஆம் தேதி, ஜூரோங் ஈஸ்ட் வட்டாரத்தில் இருக்கும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதி, பொங்கோலில் இருக்கும் இன்னொரு விடுதியோடு சேர்த்துத் தனிமைப்படுத்தப்பட்டது. அதன்பின் நடந்தது எல்லாரும் அறிந்ததே. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்கு: தங்கும் விடுதிகளில் இருந்த 3 லட்சத்து 23 ஆயிரம் பேரில் 47 விழுக்காட்டினரைக் கொவிட் தொற்றியிருந்தது. இதில் 54,500 பேருக்குத்தான் அறிகுறியோ பரிசோதனையோ மூலம் அப்போதே தெரிந்தது. மற்றவர்களுக்கு வந்து போன சுவடு ரத்தத்தில்தான் இருந்தது.

இதற்கு நெருக்கடியான அறைகளே முதல் காரணம், பதிவேடு இல்லாதது அல்ல. ஆனால் வாராவாரம் பலதுறை மருந்தகங்களுக்குச் சளி, காய்ச்சலோடு வருவோரின் எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்தது. எங்கோ ஏதோ கிளம்புகிறது என்று காட்டும் விளக்கு அது. பலதுறை மருந்தகத்துக்கே வராத கூட்டத்தில் அந்த விளக்கு எரியாது. 2022 ஏப்ரலில்தான் வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று தனி அடிப்படை மருத்துவத் திட்டம் வந்தது. முதலாளி கட்டணம் செலுத்துகிறார், ஊழியர் குறிப்பிட்ட மருத்துவ நிலையத்துக்குப் போகிறார், அங்கே அவர் பெயரில் ஒரு பதிவு தொடங்குகிறது. இருபத்தைந்து வயதில் வந்து நாற்பது வயது வரை இங்கே உழைப்பவருக்கு, நீரிழிவு எட்டிப்பார்க்கும் ஆண்டுகள் இந்த ஊரில்தான் கழிகின்றன.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். ஜூரோங்கில் வேலை பார்க்கும் ஒருவரின் அம்மா அந்தப் பதிவில் இருப்பார். மகன் இந்தப் பதிவில் இருப்பார். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பும்போது அங்குள்ள சுகாதார நிலையத்தில் அவருக்குப் புது அட்டை போடுவார்கள், முதல் எண்ணிலிருந்து. இங்கே எடுத்த பத்து ஆண்டுப் பரிசோதனைகள் அங்கே தெரியாது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் மருத்துவ நிலையத்துக்குப் போய், சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், கண் ஆகிய நான்கின் கடைசி முடிவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டால், ஊரில் முதல் அட்டை எழுதும் மருத்துவருக்குக் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.